ஓர் அணை, இரண்டு கணக்குகள்



பாலக்காட்டிலும் இடுக்கியிலும் எல்லையோரமாக வாழும் நமக்கு அணை என்பது தூரத்துச் செய்தி அன்று. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வயல்களுக்கு ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவில் அளந்துவிடப்பட்டு வந்து சேர வேண்டும். அந்த அளவு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. வண்டிப்பெரியாற்றில் மழை வலுத்தால் மக்கள் முதலில் கேட்பது, முல்லைப்பெரியாற்றில் இப்போது எத்தனை அடி என்பதைத்தான். மலைக்கு அந்தப் பக்கம் கம்பத்திலும் கூடலூரிலும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். இங்கே எண் ஏறினால் பயம், அங்கே எண் இறங்கினால் பயம். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், முல்லைப்பெரியாறு ஆகிய நான்கு அணைகளும் கேரள மண்ணில் நிற்கின்றன. அவற்றை இயக்குவது தமிழ்நாடு. ஒரு மாநிலத்து மலையில் இன்னொரு மாநிலத்தின் சாவி இருப்பதால், இந்த அணைகளைப் பற்றிய பொறியியல் கணக்கு எதுவும் வெறும் கணக்காக இருக்க முடிவதில்லை. அது வழக்கின் ஆவணமாகிவிடுகிறது.

இன்று நான் வாதிட வந்திருப்பது ஒன்றைத்தான். நம் அணைகளைப் பற்றிய கணினி மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலானவை ஒரு தேவைக்காக, ஒரு தரப்பு கேட்டதற்காக, ஒருமுறை போடப்பட்டு அறிக்கையாக அச்சாகி நின்றுவிட்டன. அணையில் பொருத்திய கருவிகளுக்கு நாள்தோறும் பதில் சொல்ல வேண்டிய மாதிரி, தவறினால் அந்தத் தவறு எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நமக்கு இன்னும் வாய்க்கவில்லை. பொறியியல் உலகம் டிஜிட்டல் இரட்டை என்று அழைப்பது அதைத்தான். அது நமக்குத் தேவையா, அதனால் எது ஆகும், எது ஆகாது என்பதைச் சான்றுகளோடு பார்ப்போம்.

கட்டுவதற்கு முன்போ, கட்டியதை உடைத்துப் பார்க்க முடியாதபோதோ, அதைப் போலவே நடந்துகொள்ளும் இன்னொன்றை உண்டாக்கி அதனிடம் கேள்வி கேட்பதற்குச் சிமுலேஷன் என்று பெயர். கணினிக்கு வெகு முன்பே பொறியாளர்கள் இதைச் செய்தார்கள். 1916இல் தொடங்கி இன்று புனே அருகே கடக்வாஸ்லாவிலும், திருவள்ளூர் மாவட்டம் பூண்டியில் 1944 முதலும் இயங்கும் ஆய்வு நிலையங்களிலும், நமக்குப் பக்கத்திலேயே திருச்சூர் பீச்சியில் உள்ள கேரளப் பொறியியல் ஆய்வு நிலையத்திலும் அணையைச் சிறிய உருவில் செய்து தண்ணீர் விட்டுப் பார்க்கும் வேலை நடந்து வந்திருக்கிறது. நூறில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரியில் காலம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆற்றில் ஒரு மணி நேரம் நடப்பது அங்கே ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். தண்ணீர் வழிந்தோடுவதைப் படிக்க இது போதும். ஆனால் அணையின் உடலுக்குள் இருக்கும் இறுக்கத்தையும் வெடிப்பையும் இப்படிச் சுருக்கிப் பார்ப்பது எளிதல்ல. அதற்குக் கணினி வர வேண்டியிருந்தது. சுவையான ஒரு செய்தி: இன்று விமான இறக்கை முதல் செயற்கை இடுப்பெலும்பு வரை எல்லாவற்றுக்கும் பயன்படும் ஃபைனைட் எலிமென்ட் முறை, கட்டுமானப் பொறியியலில் முதன்முதலாகத் தொட்ட உண்மையான வேலைகளில் ஒன்று வெடிப்பு விட்ட ஓர் அணைதான். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து நார்ஃபோர்க் அணையின் உடலில் வெப்ப மாற்றத்தால் செங்குத்தாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. பெர்க்லியில் ரே கிளஃபும் எட்வர்ட் வில்சனும் அணையின் குறுக்குவெட்டைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் அடுத்ததை எப்படித் தள்ளுகிறது என்று கணக்கிட்டு, அந்த வெடிப்போடு அணை நிற்குமா என்று பார்த்தார்கள். அந்த ஆய்வு 1962இல் வெளிவந்தது.

டிஜிட்டல் இரட்டை என்பது இதற்கு அடுத்த படி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிரீவ்ஸ் 2002இல் முன்வைத்த எண்ணம் அது. பெயர் நிலைத்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, நாசாவின் திட்ட ஆவணங்கள் வழியாக. பொருள் ஒன்று வெளியே வேலை செய்துகொண்டிருக்கும்; அதன் கணினி வடிவம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்; கருவிகள் தரும் அளவுகள் இரண்டையும் இடைவிடாமல் பிணைத்துக்கொண்டிருக்கும். சிமுலேஷன் அறிக்கை ஜாதகம் போன்றது என்றால் இது நாடி பிடித்துப் பார்ப்பது. ஜாதகத்தை ஒருமுறை எழுதிப் பெட்டியில் வைத்துவிடலாம். நாடியை அன்றன்றைக்குத்தான் பார்க்க முடியும். இன்று விற்பனைக்கு வரும் பல மென்பொருள்கள், அழகாகச் சுழலும் முப்பரிமாணப் படத்தைக் காட்டி அதற்கு இந்தப் பெயரைச் சூட்டிவிடுகின்றன. அளவுகள் உள்ளே வராத படம், எவ்வளவு அழகாக இருந்தாலும், படம்தான்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டிலேயே உலகம் அறிந்த சான்று இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை 103 மீட்டர் உயரம். அன்றைய வழக்கப்படி, நிலநடுக்கத்துக்கென்று அணையின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு விசை பக்கவாட்டில் தள்ளுவதாக வைத்துக்கொண்டு வடிவமைத்தார்கள். அந்தக் கணக்கின்படி அணையில் கவலைப்படும்படியான இழுவிசை எங்கும் வரக் கூடாது. 1967 டிசம்பர் 11 அன்று நிலம் குலுங்கியது. அணை உடையவில்லை. ஆனால் அதன் மேற்பகுதியில், பின்புறச் சரிவு சட்டென்று மாறும் இடத்தில், பல கட்டுமானத் தொகுதிகளில் கிடைமட்டமாக வெடிப்பு விழுந்தது. நல்வாய்ப்பாக, அணையின் காலரி எனப்படும் உள்நடைபாதைக்குள் அதிர்வைப் பதிவு செய்யும் கருவி ஒன்று இருந்தது. ஆற்றோட்டத் திசையில் அது காட்டிய உச்ச முடுக்கம் புவியீர்ப்பில் கிட்டத்தட்டப் பாதி. வடிவமைப்பில் கொண்ட விசையைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு. அந்தப் பதிவை உள்ளீடாகக் கொடுத்து அனில் சோப்ராவும் சக்ரபர்த்தியும் கணினியில் அணையை மறுபடி குலுக்கினார்கள். வெடிப்பு விழுந்த அதே மட்டத்தில் காங்கிரீட் தாங்க முடியாத இழுவிசை தோன்றியது. அணைகளின் நிலநடுக்க வடிவமைப்பு அதன் பிறகு திசை மாறியது; இன்றுவரை புதிதாக மென்பொருள் எழுதுகிறவர்கள், அது கொய்னாவின் வெடிப்பைச் சரியாகக் காட்டுகிறதா என்றுதான் முதலில் சோதிக்கிறார்கள். ஆனால் அந்தக் காலரியில் கருவி இல்லாமல் போயிருந்தால்? பழைய கணக்கு தவறு என்று தெரிந்திருக்கும். எவ்வளவு தவறு என்று தெரிந்திருக்காது.

இன்னொரு சான்று சுவிட்சர்லாந்திலிருந்து. அங்கே 156 மீட்டர் உயரமுள்ள சூசியே என்ற வளைவு அணை 1957இல் கட்டி முடிக்கப்பட்டது. குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே நிற்கும் நம் இடுக்கி அணைக்கு, உயரத்திலும் இனத்திலும் அது நெருங்கிய உறவு, இடுக்கி 168.91 மீட்டர். வளைவு அணைகள் அசைபவை. நீர் ஏறினால் சற்றே முன்னே சாயும். வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப விரிந்து சுருங்கும். இன்ன நீர்மட்டத்துக்கும் இன்ன வெப்பத்துக்கும் இவ்வளவு அசைய வேண்டும் என்று கணக்கிட்டு, உள்ளே தொங்கவிட்ட ஊசற்குண்டு காட்டும் அளவோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். இருபது ஆண்டுகள் கணக்கும் குண்டும் ஒத்துப்போயின. 1978 இறுதியில் ஒத்துப்போகவில்லை. அணை, போகக் கூடாத திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. தேடிப் பார்த்தபோது, ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் நெடுஞ்சாலைக்காகத் தோண்டிய சோதனைச் சுரங்கம் பாறைக்குள் இருந்த நீரை வடித்துவிட்டது, அதனால் அந்தப் பள்ளத்தாக்கே பத்து சென்டிமீட்டருக்கு மேல் அமிழ்ந்தது என்று தெரியவந்தது. நீர்த்தேக்கத்தைக் காலி செய்து, வெடிப்புகளை அடைத்து, 1980களில் மீண்டும் நிரப்பினார்கள். டிஜிட்டல் இரட்டை என்ற பெயர் அப்போது பிறக்கவில்லை. ஆனால் வேலை அதுதான்: முன்கூட்டிச் சொல்லி வைத்தது, அளந்து பார்த்தது, இரண்டுக்கும் நடுவே விழுந்த இடைவெளியை யாரும் மறைக்காதது.

இனி முல்லைப்பெரியாறு. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த இந்த அணையின் உட்புறம் சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் தூளும் கலந்த காங்கிரீட். வெளிப்புறம் கல் கட்டுமானம். 1979இல் கேரளத்தின் அச்சத்தைத் தொடர்ந்து நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பிறகு உச்சியில் காங்கிரீட் தொப்பி போட்டார்கள். உச்சியிலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு எஃகுக் கம்பி வடங்களை இழுத்துக் கட்டினார்கள். பின்புறத்தில் புதிய காங்கிரீட்டை அணைத்துக் கட்டினார்கள். உச்ச நீதிமன்றம் 2006இல் 142 அடிக்கு இசைவு தந்தது. கேரளம் அதைத் தடுக்கச் சட்டம் திருத்தியது. 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தைச் செல்லாதென்றது. இந்த வரலாறு உங்களுக்கு மனப்பாடம். எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த வழக்கில் இரண்டு தரப்பும் கொண்டுவந்து வைத்த கணக்குகள். அணைக்கு வரக்கூடிய மிகப் பெரிய வெள்ளம் எவ்வளவு? மத்திய நீர்வள ஆணையத்தின் கணக்கு வினாடிக்கு 2,12,000 கன அடி. கேரளத்துக்காக ஐ.ஐ.டி. டெல்லி பேராசிரியர்கள் போட்ட கணக்கு 2,91,275 கன அடி. நிலநடுக்கம் வந்தால்? ஐ.ஐ.டி. ரூர்க்கியின் கணினி ஆய்வு, நீரழுத்தத்தோடு நிலநடுக்கமும் சேரும்போது அணைக்குச் சேதம் நேரலாம், அது உடைப்பு வரை போகலாம் என்றது. நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் அமைந்த உயரதிகாரக் குழு, தானும் பல நிறுவனங்களைக் கொண்டு சோதனைகள் நடத்தி, 2012 ஏப்ரலில், நீரியல், கட்டமைப்பு, நிலநடுக்கம் ஆகிய மூன்று வகையிலும் அணை பாதுகாப்பானது என்று அறிக்கை தந்தது.

இரண்டு பக்கமும் படித்தவர்கள். இரண்டு பக்கமும் பயன்படுத்திய சமன்பாடுகள் பாடப்புத்தகத்தில் உள்ளவைதான். பிறகு எப்படி ஒரே ஆற்றுக்கு 79,000 கன அடி வித்தியாசம் வருகிறது? யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நினைப்பது எளிது; எல்லையின் இரு பக்கமும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. 624 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதியில் அதிகபட்சம் எவ்வளவு மழை பெய்யலாம், அந்த மழை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் எப்படிப் பிரிந்து விழும், விழுந்தது எத்தனை மணியில் அணைக்கு வந்து சேரும் என்ற ஒவ்வொரு படியிலும் கணக்குப் போடுகிறவர் ஒரு தேர்வைச் செய்தாக வேண்டும். ஒவ்வொரு தேர்வுக்கும் நியாயம் சொல்லலாம். மூன்று நான்கு படிகளில் ஒருவர் சற்றே எச்சரிக்கைப் பக்கமும், இன்னொருவர் சற்றே நடைமுறைப் பக்கமும் சாய்ந்தால் இந்த இடைவெளி தானாக வந்துவிடும். அணையின் வலிமை பற்றிய ஆய்வும் அப்படியே. நூறாண்டுக்கு மேற்பட்ட சுர்க்கி எவ்வளவு இறுக்கம் தாங்கும், அதன் அடர்த்தி இன்று என்ன, பின்னால் சேர்த்த புதிய காங்கிரீட் பழைய உடலோடு ஒன்றாகி நிற்கிறதா, தனித்து நிற்கிறதா என்பவற்றை உள்ளீடாகக் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கேற்ற விடை வரும். கணினி, கேட்டவருக்குக் கேட்டதைத் தரும் கருவி என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

இந்த முட்டுக்கட்டையை மூன்றாவதாக ஒரு நிபுணர் குழு வந்து நீக்காது. அதுவும் தன் தேர்வுகளோடுதான் வரும். தேர்வுகளில் எது சரி என்று அணையிடமே கேட்பதுதான் வழி. அணை தினமும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நீர்மட்டம் ஓரடி ஏறும்போது காலரியில் கசிவு எவ்வளவு கூடுகிறது. உடலுக்குள் நீரழுத்தம் எந்தக் குழாயில் எவ்வளவு உயர்கிறது. வெயில் காலத்திலும் மழைக்காலத்திலும் உச்சி எவ்வளவு சாய்கிறது. இடுக்கியில் அடிக்கடி உணரப்படும் சிறு அதிர்வுகளின்போது அணை எந்த வேகத்தில் ஆடி அடங்குகிறது. ஆட்டத்தின் வேகம் உடலின் விறைப்பைச் சொல்லிவிடும். பழைய கட்டும் புதிய காங்கிரீட்டும் ஒன்றாக ஆடுகின்றனவா, தனித்தனியாகவா என்பதையும் அது சொல்லும். இவற்றைத் தொடர்ந்து வாங்கி, மாதிரியின் உள்ளீடுகளைத் திருத்திக்கொண்டே போனால், முதலாண்டில் அகலமாக இருக்கும் ஐயத்தின் எல்லை பத்தாண்டில் குறுகும். ஒருவேளை கேரளத்தின் பயத்தை நோக்கிக் குறுகலாம். தமிழ்நாட்டின் நம்பிக்கையை நோக்கியும் குறுகலாம். எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாததுதான் அதன் நேர்மை. உச்ச நீதிமன்றமும் 2021 மார்ச்சில் அணையின் அளவுக் கருவிகள், காலவாரியான நீர்மட்ட வரம்பு, ஷட்டர்களை இயக்கும் ஒழுங்குமுறை ஆகிய மூன்றையும் முடித்து வைக்கும்படி அணைக்கான மேற்பார்வைக் குழுவிடம் சொன்னது. கருவியும் இயக்கமும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை என்பதை நீதிமன்றம் புரிந்துகொண்டிருந்தது என்றே படுகிறது.

இரு பக்கத்துக்கும் பிடிக்காத விடையைச் சொல்லும் தைரியம் மாதிரிக்கு உண்டு என்பதற்கு 2018ஆம் ஆண்டு வெள்ளம் சான்று. அந்த ஆகஸ்டில் 15, 16, 17 ஆகிய மூன்று நாட்களில் மட்டும் கேரளத்தில் சராசரியாக 414 மில்லிமீட்டர் மழை கொட்டியது என்று மத்திய நீர்வள ஆணையம் கணக்கிட்டது. இடுக்கித் தேக்கத்தின் செறுதோணி ஷட்டர்கள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தன. முல்லைப்பெரியாறு 142 அடியைத் தொட்டது. அணைகளை முன்பே காலி செய்யாததால்தான் பெரியாற்றங்கரை ஆலுவா மூழ்கியது என்றார்கள் ஒரு சாரார். கேரள உயர் நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞரின் 2019ஆம் ஆண்டு அறிக்கையும் அணை நிர்வாகத்தைக் குறை கூறியது. கேரள அரசோ முல்லைப்பெரியாற்றிலிருந்து திடீரென்று திறந்துவிட்ட நீரையும் காரணங்களில் சேர்த்தது, தமிழ்நாடு மறுத்தது. ஐ.ஐ.டி. சென்னை ஆய்வாளர்கள் பெரியாற்றுப் படுகையைக் கணினியில் உருவாக்கி, நடக்காத ஒன்றை நடத்திப் பார்த்தார்கள்: அணைகளை முன்பே இறக்கி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெள்ளத்தின் உச்சம் நூற்றுக்கு 16 முதல் 21 பங்கு குறைந்திருக்கும், அவ்வளவுதான் என்றது விடை. காரணம், வெள்ளத்தின் பெரும்பகுதி அணையே இல்லாத இடைப்பட்ட மலைகளிலிருந்து வந்தது. அணைதான் வில்லன் என்றவர்களுக்கு இந்த விடை கசந்தது. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு என்பது ஒன்றுமில்லாததும் அல்ல; ஒரு வீட்டின் தரைத்தளத்தில் நின்ற தண்ணீர் வாசற்படியோடு நின்றிருக்கலாம். அதனால் நிர்வாகத்துக்கும் அது முழு விடுதலை தரவில்லை. இந்த ஆய்வு வெள்ளம் வந்த பின்பு செய்யப்பட்டது என்பதுதான் என் வருத்தம். மழை வருவதற்கு முந்தின வாரம் ஓட வேண்டிய மாதிரி அது.

எதிர்க்கேள்விகளுக்கு வருவோம். அவற்றில் வலுவானது பரம்பிக்குளத்திலிருந்து வருகிறது. 2022 செப்டம்பர் 21 அதிகாலை இருட்டில் அங்கே மூன்று ஷட்டர்களில் நடுவிலிருந்தது பெயர்ந்து போனது. எதிர் எடையைத் தாங்கிய சங்கிலி அறுந்ததே காரணம். வினாடிக்கு ஏறத்தாழ 20,000 கன அடி தண்ணீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. இரண்டாண்டு கழித்து 2024 ஆகஸ்ட் 10 இரவு கர்நாடகத்தில் துங்கபத்திரா அணையின் 19ஆம் மதகு அதேபோலச் சங்கிலி அறுந்து போனது. அணையின் உடலைப் பத்து லட்சம் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிட்டவர்களுக்கு ஒரு சங்கிலிக் கண்ணி துருப்பிடித்தது தெரியவில்லையே, இந்த விலையுயர்ந்த இரட்டையால் என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மாதிரிக்குள் சேர்க்காதது மாதிரியின் கண்ணுக்குத் தெரியாது. சங்கிலிக்கு வேண்டியது முதலில் கிரீஸும், சுத்தியலோடு ஏறிப் பார்க்கும் ஆளும்தான். அந்த ஆளின் சம்பளத்தை நிறுத்தி மென்பொருள் வாங்கும் அரசு எதுவானாலும் அதை நான் எதிர்ப்பேன். ஆனால் இந்தச் சம்பவத்திலிருந்து வேறொன்றும் தெரிகிறது. நம் கணக்குகள் முழுவதும் பெரிய உடலைச் சுற்றியே இருந்தன, ஏனென்றால் வழக்கு அதைப் பற்றியது. சங்கிலியைப் பற்றி எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. இயக்கத்துக்காகச் செய்யும் இரட்டையில் ஒவ்வொரு ஷட்டரையும் தூக்கும்போது மோட்டார் இழுக்கும் மின்சாரமும், இரண்டு பக்கச் சங்கிலிகளில் விழும் பாரமும் பதிவாகும். ஒரு பக்கம் கூடிக்கொண்டே போனால் அடுத்த தடவை தூக்குவதற்குள் ஆள் ஏறிப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லும். சுத்தியல் பிடித்தவரை எங்கே அனுப்புவது என்று காட்டுவதே அதன் வேலை.

இரண்டாவது எதிர்ப்பு: பொய்யான நம்பிக்கை. திரையில் பச்சை விளக்கு எரிந்தால் யாரும் அணைமேல் நடந்து பார்க்கமாட்டார்கள். கருவி பழுதானாலும் திரை பச்சையாகவே இருக்கும். இதை நான் மறுக்கவில்லை. நம் நாட்டு அணைகளில் பதித்த கருவிகளில் பல சில ஆண்டுகளில் செத்துப்போனவை என்பது துறைக்குள் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. இதற்கு விடை, நம் கஞ்சிக்கோட்டிலேயே இருக்கிறது. 1987 முதல் அங்கே இயங்கும் திரவக் கட்டுப்பாட்டு ஆய்வு நிறுவனத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று, பிறர் வைத்திருக்கும் ஓட்ட அளவிகள் உண்மை சொல்கின்றனவா என்று சோதிப்பது. தண்ணீரை எடைபோட்டுப் பார்த்து, அளவி காட்டிய எண்ணோடு ஒப்பிட்டு, பிழை இவ்வளவு என்று சான்றிதழ் எழுதித் தருகிறார்கள். அளவியின் எண்ணைவிட, அந்த எண்ணோடு சேர்ந்து வரும் பிழையின் அளவுதான் பொறியாளருக்குப் பெரிய செய்தி. அணையின் இரட்டையும் அப்படித்தான் பேச வேண்டும்: கசிவு இவ்வளவு, ஆனால் இந்தக் கருவி ஆறு மாதமாகச் சரிபார்க்கப்படவில்லை, ஆகையால் என் சொல்லை இந்த அளவுக்குத்தான் நம்பலாம் என்று. பச்சை, சிவப்பு என்று இரண்டே நிறத்தில் பேசும் திரையை வாங்காமலிருப்பதே நல்லது.

மூன்றாவது எதிர்ப்பை அரசியல் அறிந்தவர்கள் சொல்வார்கள். கருவி தமிழ்நாட்டின் கையில், அச்சம் கேரளத்தின் மனத்தில். யார் ஓட்டும் மாதிரியை யார் நம்புவார்? ஒரு மாநிலம் தனியாகச் செய்தால் யாரும் நம்பமாட்டார்கள், சரிதான். அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30 முதல் நடப்புக்கு வந்தது. ஒரு மாநிலத்துக்குச் சொந்தமான அணை இன்னொரு மாநிலத்தில் இருந்தால் அதன் பாதுகாப்பு தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்தின் பொறுப்பு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நம் நான்கு அணைகளும் அந்த வகை. ஆகவே மாதிரியை வைத்திருக்க வேண்டியது அந்த ஆணையம். அளவுகள் இரண்டு மாநிலங்களுக்கும் ஒரே நொடியில் போய்ச் சேர வேண்டும். உள்ளீட்டை மாற்றுவதானால் யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்பது இரு தரப்பும் படிக்கும்படி பதிவாக வேண்டும். இதைவிடவும் முக்கியமாக நான் கருதுவது வேறு. இந்த மழைக்காலத்தில் நீர்மட்டம் இத்தனை அடியைத் தொட்டால் கசிவு இவ்வளவு இருக்கும், உச்சி இவ்வளவு சாயும் என்று முன்கூட்டியே எழுதி வெளியிட வேண்டும். முன்கூட்டிச் சொன்னதைப் பின்னால் யாரும் தமக்கேற்றபடி வளைக்க முடியாது. ஐந்தாண்டுகள் சொன்னது நடந்தால் வண்டிப்பெரியாற்றுக்காரர் கொஞ்சம் நம்பத் தொடங்குவார். நடக்காவிட்டால் கம்பத்துக்காரரும் கவலைப்படத் தொடங்குவார். இரண்டுமே இன்றைய நிலையைவிட மேல்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை போதும். அணைகளைப் புதுப்பிக்க உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் திட்டத்தில் 2012 முதல் கேரளமும் தமிழ்நாடும் இருக்கின்றன. கருவிகளும் அணைகளின் தகவல் தொகுப்பும் அந்தத் திட்டத்தின் பகுதிகளே. புதிதாகத் தேட வேண்டிய பணம் பெரிதன்று. ஆனால் அந்தப் பணம் அணைச் சுவரோடு நின்றுவிடக் கூடாது. 2018ஆம் ஆண்டு ஆய்வு காட்டியபடி, வெள்ளம் அணையில்லாத மலைகளிலிருந்தும் வருகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, லயம் என்னும் வரிசை வீடுகளில் உறங்கிய தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேரைக் கொண்டுபோனது. அந்தச் சரிவின்மேல் முன்கூட்டி யாரும் கணினி மாதிரி போட்டதாகத் தெரியவில்லை. வழக்குப் போட இரண்டு மாநிலங்கள் இல்லாத இடம் அது. மாட்டுப்பட்டி முதல் பீருமேடு வரை தோட்டங்கள்தோறும் மழைமானி வைத்து அதன் எண்ணை அணையின் மாதிரிக்குள் அனுப்பினால், அதே எண் லயத்துக்கும் எச்சரிக்கை தரும். ஒரே கருவிக்கு இரண்டு பயன். எஸ்டேட் நிர்வாகங்கள் தேயிலைக்காக வைத்திருக்கும் பழைய மழைக் குறிப்பேடுகளும் இதில் சேர்ந்தால் நூறாண்டு வரலாறு நம் கைக்கு வரும்.

ஒரு கணினி மாதிரியால் அச்சம் போய்விடுமா என்று இறுதியாகக் கேட்பவர்கள் உண்டு. போகாது. பழைய அணைக்குக் கீழே குழந்தைகளோடு வாழ்கிறவரின் அச்சத்தைத் திரையில் ஓடும் எண்களால் துடைக்க முடியாது. தண்ணீரை நம்பி ஐந்து மாவட்டங்களில் நாற்று விட்டவரின் அச்சத்தையும் முடியாது. புதிய அணை கட்ட வேண்டுமா, தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சுரங்கத்தைத் தாழ்த்த வேண்டுமா, இருப்பதையே காக்க வேண்டுமா என்பதெல்லாம் மக்களும் அவர்களுடைய அரசுகளும் முடிவு செய்ய வேண்டியவை. எந்த மென்பொருளும் அந்த முடிவை எடுக்கக் கூடாது. ஆனால் முடிவு எடுப்பவர்கள் கையில் இன்று இருப்பது எதிரெதிராக வாதிட்ட பழைய அறிக்கைகள். அவர்கள் கையில் இருக்க வேண்டியது, நேற்றுவரை அணை எப்படி நடந்துகொண்டது என்பதன் முழுப் பதிவு.

ஆகவே இந்த அவையிலிருந்து ஒரு கோரிக்கை போக வேண்டும் என்று விரும்புகிறேன். சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் குமுளியிலும் உள்ள உள்ளாட்சி அமைப்புகள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி இரண்டு முதலமைச்சர்களுக்கும் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அனுப்பலாம். நான்கு அணைகளின் நீர்மட்டம், கசிவு, அசைவு, ஷட்டர் இயக்கம் ஆகியவற்றின் அளவுகளை அன்றன்றைக்கே, தமிழிலும் மலையாளத்திலும், பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் 1க்கு முன்பு, அந்த ஆண்டு அணை எப்படி நடந்துகொள்ளும் என்ற உங்கள் கணிப்பை எழுதிக் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், கணித்ததும் நடந்ததும் எவ்வளவு விலகின என்று அதே இடத்தில் அச்சிடுங்கள்.